பத்து, ஒன்று குறைய

டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில் அந்த மனிதரிடம் 'எத்தனை?' என்று கேட்டு நேரான பதில் வாங்கியவர் ஒருவரும் இல்லை. ரொட்டிக் கடைப் பெண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். சனிக்கிழமைக் காலையில் வரிசை வாசல் வரை நிற்கும்போது அவர் உள்ளே வந்தால் அவளுடைய முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். "எத்தனை பணிஸ்?" என்பாள். "உருண்டையா, நீளமா?" என்பார் இவர். "எதென்றாலும் சரி, எத்தனை?" "எதென்றாலும் என்று ஒரு சாமான் உலகத்தில் இல்லையே." பின்னால் நிற்பவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். டெனிஷ்காரர் கோபத்தை அப்படித்தான் காட்டுவார்கள். எங்கள் ஊராக இருந்தால் இரண்டாவது சனிக்கிழமையே யாராவது அவரைத் தூக்கி வெளியில் வைத்திருப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி, எங்கெங்கோ முட்டி மோதி, கடைசியில் அந்த ஊரில் வந்து விழுந்தோம். நாங்கள் என்றால் என் அக்கா, அவளுடைய பிள்ளைகள், நான். அத்தான் முந்தியே நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் எத்தனை என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. உரிய இடத்தில் சொல்கிறேன்.

குளக்கரைக்குக் கிட்ட, ஒரு செங்கல் கட்டடத்தின் நடு மாடியில் எங்களுக்கு வீடு தந்தார்கள். அகதிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு வருவார் என்றும் சொன்னார்கள். கடைக்குக் கூட்டிப் போக, வந்த கடதாசியை வாசித்துச் சொல்ல, பனிக்கு எந்தச் சப்பாத்துப் போடுவது என்று காட்ட. மற்றக் குடும்பங்களுக்கு நல்ல நல்ல ஆட்களாக வாய்த்தார்கள். ஒரு வீட்டுக்குக் கார் வைத்திருக்கிற ரீச்சர், இன்னொரு வீட்டுக்குக் கேக் சுட்டுக்கொண்டு வருகிற தம்பதி. எங்களுக்கு வாய்த்தவர் மேல் மாடியில் இருந்த இந்த மனிதர். சனியன் எங்கள் சாதகத்தில் எந்த வீட்டில் குந்தியிருந்தது என்பது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

முதல் நாள் வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார். அவ்வளவு உயரம். கயிற்று நிறத்தில் தாடி, முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. நான் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த காலத்து ஆங்கிலத்தைத் தூசு தட்டி எடுத்து, மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"இரண்டு பேர், ஒருத்தி குறைய," என்றார்.

மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்பதை அந்த மனிதர் இப்படித்தான் சொன்னார். ஒடென்சே நகரத்துக்கு, ஒரு பல் வைத்தியரோடு. அதுவும் பல வருடங்களுக்கு முன்னால். ஒன்று என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? அக்கா குசினியிலிருந்து, "என்னவாம் தம்பி சொல்லுறார்?" என்று கேட்டாள். "ஆளுக்குக் கழண்டு போச்சு அக்கா, தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பு," என்றேன்.

தேநீர் குடித்துவிட்டுப் போகவில்லை. கதைத்தார். இளம் வயதில் கப்பலேறி, கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் தீவுகளுக்குப் போய், அங்கே மீனைத் தகர ரின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் ஒரு கோடைகாலம் வேலை செய்தாராம். அந்தத் தீவுச் சனங்களின் பெயர் ஹைடா. வெளிநாடு போனவர்கள் ரேடியோ கொண்டு வருவார்கள், கடிகாரம் கொண்டு வருவார்கள். இந்த மனிதர் எண்களைக் கொண்டுவந்தார். திரும்பி வந்து தபால் கந்தோரில் முத்திரை விற்று, ஓய்வு பெற்று, மிச்ச நேரம் முழுவதும் ஹைடாக்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்பதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். இவர் முத்திரை விற்ற காலத்தில் விபோர்க் மக்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதையே நிறுத்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

எங்களுக்குள் நாங்கள் அவரைக் 'கணக்கர்' என்றோம். பெயர் சொல்லிக் கூப்பிட அக்காவுக்கு நாக்குப் புரளவில்லை.

கட்டடத்தின் கீழே, நிலத்துக்கடியில், எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருந்தது. ஒருநாள் நான் எங்கள் உடுப்புகளை மெஷினிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் மேசையில் தன் சொக்ஸ்களைப் பரப்பிவைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "வா, இங்கே பார். இது எத்தனை?" என்றார். டெனிஷ் பாஷையில் நீ, நீங்கள் என்று பார்ப்பது இப்போது இல்லை. அறுபது தாண்டியவரும் நீதான், ஆறு வயதுப் பையனும் நீதான். நான் பார்த்தேன். ஒன்பது சொக்ஸ். சொன்னேன்.

"ஒன்பது சொக்ஸ் உள்ள மனிதனை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா?"

"இல்லை."

"எனக்கு இருப்பது பத்து சொக்ஸ். ஒன்றைக் காணவில்லை. ஹைடாக்கள் ஒன்பதை அப்படித்தான் சொல்வார்கள். பத்து, ஒன்று குறைய. அவர்களுக்கு ஒன்பது என்று தனியாக ஒரு சொல் கிடையாது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஏதோ தங்கக் காசைக் கையில் வைத்துவிட்டவர் போல. நான் சொக்ஸைத் தேடி மெஷினுக்குள் தலையை விட்டேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அன்றோடு விட்டிருப்பார். கிடைக்காதபடியால் படி ஏறும் வரைக்கும் கதை நீண்டது. அந்தச் சனங்களின் ஆறுக்குள்ளே மூன்றின் சாயல் இருக்கிறதாம், எட்டுக்குள்ளே நாலின் சாயல். நீளமும் மெல்லிசுமான சாமானை எண்ணும்போது எண்ணுக்கு முன்னால் ஒரு துண்டு ஒட்டுமாம். தட்டையான சாமானுக்கு வேறு துண்டு, உருண்டைக்கு வேறு. சாமானைக் கண்ணால் பார்க்காமல் எண்ணைச் சொல்லவே வராது. "நாங்கள் முதலில் எண்ணிவிட்டுப் பிறகுதான் பார்க்கிறோம். சில வேளை பார்ப்பதே இல்லை," என்றார். கையில் ஈர உடுப்புக் கூடையோடு, அதுவும் மார்கழிக் குளிரில், இதைக் கேட்கவேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

இதில் அவருடைய சொந்தப் பாஷையின் இலட்சணத்தையும் சொல்ல வேண்டும். நான் காலையில் டெனிஷ் வகுப்புக்குப் போவேன், பின்னேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பேன். வகுப்பில் நாற்பது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஐம்பதில் எல்லோரும் குப்புற விழுந்தோம். ஐம்பதுக்கு இவர்கள் சொல்லுகிற சொல்லைப் பிரித்தால் 'மூன்றாவது இருபதில் பாதி' என்று வரும். அதாவது இரண்டு இருபது முழுசாக, மூன்றாவதில் அரை. ரீச்சரிடம் ஏன் என்று கேட்டால் அவவுக்கும் தெரியாது. சும்மா பாடமாக்கச் சொன்னா. கணக்கரிடம் கேட்டேன், புத்தி கெட்டு. மனிதர் துள்ளிக் குதிக்காத குறை. ஹைடாக்களும் பழைய நாளில் இருபது இருபதாகக் கட்டித்தான் எண்ணினார்களாம். "உன்னுடைய பாஷையில் எப்படி?" என்றார். எங்களுடையது ஒழுங்கான பாஷை, பத்துப் பத்தாகப் போகும், இந்தக் கோணங்கித்தனம் ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொல்லிக் காட்டு என்றார். பத்து, இருபது என்று தொடங்கி எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு என்று சொன்னேன்.

"நில். எழுபதிலும் எண்பதிலும் பத்து ஒலிக்கிறது. அடுத்ததில் ஏன் நூறு ஒலிக்கிறது?"

பிறந்த நாளிலிருந்து தொண்ணூறு சொன்ன வாய் இது. தொண்ணூறுக்குள் ஒரு நூறு உட்கார்ந்திருப்பதை நான் கண்டதே இல்லை. வரப்போகிற நூறைப் பார்த்துக்கொண்டு, அதற்குக் கிட்டவாக நின்றுதான் நாங்களும் அந்த எண்ணைச் சொல்கிறோம். "உங்களுக்கும் குறைகிறது!" என்று என் தோளில் ஓங்கி அடித்தார். அன்றைக்கு முழுவதும் அந்தத் தோள் நொந்தது. ஒழுங்கான பாஷை என்ற என் நெஞ்சும் கொஞ்சம் நொந்தது.

இவருடைய இந்தத் திறமையை ஊர்ச்சனம் பயன்படுத்தப் பார்த்த கதையும் உண்டு. கட்டடத்துக் குடியிருப்பாளர் கூட்டத்தில், மாடிப்படிக்குப் பச்சை நிறம் பூசுவதா சாம்பல் நிறம் பூசுவதா என்று வாக்கெடுத்தார்கள். எண்ணிலே பைத்தியமான மனிதர்தானே என்று எண்ணுகிற வேலையை இவரிடம் கொடுத்தார்கள். கை தூக்கியவர்களை எண்ணிவிட்டு, எழுந்து நின்று, கூட்டத்துக்கு வராதவர்களின் தொகையையும் சேர்த்து அறிவித்தார். ஆஸ்பத்திரியில் இருக்கிற கிழவிக்குப் பச்சை பிடிக்கும் என்பது தனக்குத் தெரியுமாம். கடலுக்குப் போயிருக்கிறவனைக் கேட்க வேண்டுமாம். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. பச்சை கேட்ட ஒருவர் தன் பாட்டில் பூசத் தொடங்கி, சண்டை வந்து பாதியில் நிறுத்தினார். நான் அந்த வீட்டை விட்டுப் போகும் வரைக்கும் அந்தப் படிக்கட்டு பாதி பச்சை, பாதி பழைய மஞ்சள்.

என் அக்காவோ இதற்கு நேர் எதிர். அவள் எண்ணவே மாட்டாள். அரிசி அளந்தால் முதல் சுண்டு அளவை 'லாபம்' என்பாள், ஒன்று என்று சொல்ல மாட்டாள். அது ஊர் வழக்கம், விடுங்கள். பிள்ளைகள் விஷயம் வேறு. பிள்ளையை எண்ணினால் கண்படும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் சொல்வார்கள். மற்றவர்கள் சொல்வதோடு சரி, என் அக்காவுக்கு அது சத்தியம். காரணம் இருந்தது. ஊரில் ஒரு கலியாண வீட்டில் ஒரு மனுசி இவளுடைய பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணி, "நாலும் சிங்கக்குட்டியள்!" என்று வாய் நிறையச் சொன்னாள். அடுத்த கிழமை ஆமி ஊரைச் சுற்றி வளைத்து, மூத்தவனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. எந்த முகாம், உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. தேடித் தேடி ஓய்ந்து, மற்றதுகளையாவது காப்பாற்று என்று எல்லோரும் சொல்ல, அவனை விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டாள். அன்றைக்கு மூடிய வாய். மகனின் பெயரையும் சொல்ல மாட்டாள், தொகையையும் சொல்ல மாட்டாள். சொன்னால், இருக்கிறவனும் இல்லாமல் போய்விடுவான் என்று பயம்.

டென்மார்க்கில் வந்து இறங்கியவுடன் விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க வந்தவர் கோப்பன்ஹேகனில் இருந்த ஒரு இந்தியத் தமிழர். "உங்களுக்கு எத்தனை பசங்கம்மா?" என்று கேட்டார். அக்கா, "கடவுள் தந்தது இஞ்ச நிக்குது," என்று கையைக் காட்டினாள். நின்றதுகள் மூன்று. அவர் மூன்று என்றார், அதிகாரி மூன்று என்று எழுதினார். எழுதினால் எழுதினதுதான். அந்த நாட்டில் தலையெழுத்தை மாற்றினாலும் மாற்றலாம், கந்தோரில் எழுதியதை மாற்ற முடியாது.

கணக்கர் எங்கள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய பிறகு, அக்காவும் அவரும் குசினியில் மணிக்கணக்கில் கதைப்பார்கள். அவள் தமிழில், அவர் டெனிஷில். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் முருங்கைக்காய் இல்லாத ஊரும் ஒரு ஊரா என்பாள், அவர் பத்து, ஒன்று குறைய என்பார். இருவரும் தலையாட்டுவார்கள். ஒருநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து உள்ளே நுழையும்போது, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உன் அக்கா எண்ணுகிறாள்."

"அவவா? உலகம் அழிந்தாலும் எண்ண மாட்டா."

"வாயால் இல்லை. கையால். நாளைக்குப் பார்."

பார்த்தேன். கதவால் வருகிற பிள்ளைகளின் தலையை அவள் ஒவ்வொன்றாகத் தொடுவாள். அது எனக்குத் தெரியும், எந்தத் தாயும் செய்வதுதான். கடைக்குட்டியின் தலையைத் தொட்ட பிறகு அந்தக் கை கீழே இறங்கவில்லை. கொஞ்சம் மேலே போய், கதவு நிலையை ஒருமுறை தட்டியது. மூத்தவன் நின்றால் அவனுடைய தலை வருகிற உயரம். வந்த நாளிலிருந்து அவள் இதைச் செய்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்த நான் காணவில்லை. வெளியாள், அதுவும் பைத்தியம், அரை விசர் என்று நான் நினைத்த ஆள், கண்டுவிட்டார். எனக்கு வந்தது துக்கமா எரிச்சலா என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தத் தை மாதம் தொலைபேசி வந்தது. எங்களிடம் போன் இல்லை. உறவுக்காரருக்குக் கொடுத்து வைத்திருந்தது கணக்கரின் இலக்கம்தான். மனிதர் வீட்டுச் செருப்போடு படியில் தடதடவென்று இறங்கி வந்து, எங்கள் கதவைக் கையாலும் காலாலும் உதைத்தார். "ஒரு பையன்! அழுகிறான்! அம்மா, அம்மா என்கிறான், அந்தச் சொல் எனக்குத் தெரியும்!" அக்கா கறிச்சட்டியை அடுப்பிலே விட்டுவிட்டு ஓடினாள். மூத்தவன்தான். முகாமிலிருந்து விட்டுவிட்டார்களாம், கொழும்பில் ஒரு லொட்ஜில் நிற்கிறானாம். அக்கா போனைக் காதில் வைத்து, "சாப்பிட்டியோ ராசா? சாப்பிட்டியோ?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். கணக்கர் சன்னல் பக்கம் திரும்பி நின்று தாடியைத் துடைத்தார். கறி கருகி, கட்டடமே மணத்தது.

சரி, அவனைக் கூப்பிடலாம் என்று விண்ணப்பித்தோம். பதினெட்டு முடிவதற்குள் கூப்பிட்டால் தாயின் பிள்ளை. முடிந்தால் அவன் தனி ஆள், அவன் பாடு. அவனுக்குப் பதினெட்டு முடிய அதிக காலம் இல்லை. கொழும்பில் பிடித்தால் இந்த முறை விடமாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கந்தோரிலிருந்து பதில் வந்தது. பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது, நன்றி. ஆனால் முதல் விசாரணையில் மூன்று பிள்ளைகள் என்று சொல்லப்பட்டிருக்கிறதே, நாலாவது எங்கிருந்து வந்தது? நேரில் வந்து விளங்கப்படுத்தவும்.

போனோம். பிள்ளைகளை விட்டுப் போக இடமில்லாததால் அவர்களும் வந்தார்கள். கணக்கரை நான் கூப்பிடவில்லை. கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் எங்களுக்கு முன்னரே நின்றார். மொழிபெயர்க்க அதே இந்தியத் தமிழர் வந்திருந்தார். அதிகாரி இளம் பெடியன், மரியாதையான பெடியன், அதுதான் பயமாக இருந்தது. கோபிக்கிறவனைச் சமாளிக்கலாம். கோப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மா, உங்களுக்கு எத்தனை பசங்கன்னு கேக்குறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அக்கா நிலத்தைப் பார்த்தாள்.

"அக்கா, சொல்லன்," என்றேன். குடும்பத்து ஆள் வாய் திறக்கக் கூடாது என்று அதிகாரி கையைக் காட்டினான். நாலு. ஒரு சொல். அதைச் சொன்னால் பெடியன் வந்து சேர்வான். ஊரில் மரக்கறிக்காரியோடு அரை மணித்தியாலம் பேரம் பேசுகிற வாய், அன்றைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. "ஏலாது தம்பி. இவ்வளவு தூரம் காப்பாத்தினது, வாயால குடுத்திடுவனோ?" என்றாள் மெல்ல. மொழிபெயர்ப்பாளருக்கு அது விளங்கவில்லை. "சொல்ல விரும்பவில்லை என்கிறார்," என்று டெனிஷில் சொன்னார். அதிகாரி எழுதத் தொடங்கினான்.

அப்போதுதான் எங்கள் கணக்கர் எழுந்தார். போச்சு, குடும்பமே போச்சு என்று நான் நினைத்தேன். "கனடாவின் மேற்கே சில தீவுகள் இருக்கின்றன," என்று தொடங்கினார். ஹைடாக்கள் வந்தார்கள். ஒன்பது வந்தது. பத்து, ஒன்று குறைய வந்தது. சொக்ஸ்கூட வந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாம் இருப்பது விபோர்க்கில்," என்றான். அவன் சொன்னதிலும் பிழை இல்லை.

"சரி," என்றார் கணக்கர். "அப்படியென்றால் காதை விடு. கண்ணைத் திற. பிள்ளைகளை வெளியே போய் விறாந்தையில் இருக்கச் சொல். கதவடியில் இந்தப் பெண்ணின் கையைப் பார்."

அதிகாரிக்கு அதில் நட்டமில்லை. கடைக்குட்டி ஏற்கனவே மேசையில் இருந்த பேனைகளை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளை எழும்பச் சொன்னான். அக்கா வாசல் வரைக்கும் கூடப் போனாள். ஒரு தலை. அடுத்த தலை. கடைக்குட்டியின் தலை. பிறகு அந்தக் கை, தன் பாட்டில், மேலே போய் அந்தக் கந்தோரின் சாம்பல் நிறக் கதவு நிலையைத் தட்டியது.

"அது என்ன?" என்றான் அதிகாரி.

"கடைசில தட்டுனீங்களே, அது என்னம்மா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அக்கா தன் கையைத் தானே பார்த்தாள், வேறு யாருடையதோ போல. "அது என்ர மூத்தவன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுதாள், ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, அதிகாரியிடம் சொன்னார்: "முதல் விசாரணையிலும் நான்தான் இருந்தேன். அன்றைக்கும் இப்படித்தான் தட்டினார். கதவு ஆடுகிறது, பிடிக்கிறார் என்று நினைத்தேன். மூன்று என்று இந்த அம்மா சொல்லவில்லை. எண்ணியது நான்." அதிகாரி அவரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கணக்கரைப் பார்த்தான். முன்னர் எழுதியதை வெட்டிவிட்டு வேறு ஒன்றை எழுதினான். என்ன எழுதினான் என்று தெரியாது. ஆனால் மூத்தவனுக்குப் பதினெட்டு முடிவதற்கு முன்னர் அனுமதி வந்தது. ஒரு அரசாங்கக் கந்தோர் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்து முடிவெடுத்ததை என் வாழ்நாளில் நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அவன் வந்த நாளில் ஸ்டேஷனில் பனி கொட்டியது. எங்களை எல்லாம் விட உயரமாக வளர்ந்திருந்தான், எலும்பும் தோலுமாக. வீட்டு வாசலில் அக்கா சின்னதுகளின் தலைகளைத் தொட்டு முடித்து, கையை உயர்த்தினாள். அவன் குனிந்தான். கை தலையில் போய் நின்றது. கதவு நிலை அன்றைக்குத் தப்பியது. படியின் மேல்தட்டில் நின்று இதைப் பார்த்த கணக்கர், "சே, இனி எண்ணுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை," என்று சொல்லிவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே மூக்குச் சீறிய சத்தம் கட்டடம் முழுவதும் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். ரொட்டிக் கடையில் வரிசை வழக்கம்போல நீண்டது. மூத்தவனுக்கு டெனிஷ் எண்களைப் பழக்குகிறேன் என்று வந்து, ஹைடா எண்களைப் பழக்கிவிட்டுப் போனார். பெடியன் வகுப்பில் அதைச் சொல்ல, ரீச்சர் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தா. அவரிடம் வயதைக் கேட்டால் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. வருடத்துக்கு உருவம் இல்லையாம், எப்படி எண்ணுவதாம்.

ஒரு மாரிக்காலத்தில், பாதி பச்சையான அந்தப் படிக்கட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழும்பவில்லை. செத்த வீட்டுக்கு ஒடென்சேயிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாதிரியாருக்கு முன்னால் எங்கள் குடும்பம் மட்டும்தான் வரிசையாக இருந்தது. அந்த ஊரில் அடக்கம் முடிந்தால் எல்லோரும் கூடிக் கோப்பி குடிப்பார்கள். கோப்பிக் கடைக்காரி என்னிடம் கேட்டாள், எத்தனை பேருக்கு என்று. "ஏழு பேர், ஒருவர் குறைய," என்றேன். அவள் கூரையைப் பார்த்தாள். விசர் தொற்று வியாதி என்று எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தோம். எல்லோருக்கும் குளிர். அக்கா கதவைத் திறந்து ஓரமாக நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், அவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டாள். கடைசியாக மூத்தவன் குனிந்து போனான். முடிந்தது என்று நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கை கதவு நிலையில் இருந்தது. மிக உயரத்தில், அவள் குதிக்கால் தூக்கி எட்டித் தொடுகிற உயரத்தில்.

"ஆரக்கா அது?" என்றேன்.

"ஆரும் இல்லை. கதவு ஆடுது, பிடிச்சனான்," என்றாள். "நீ உள்ள போ, தேத்தண்ணி போடுறன்."